பழைய ரைஃபிளுக்குப் பழைய மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய இராணுவ ரைஃபிள்களை வாங்கிச் சுடுகிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இங்கே டோலிடோவில் உட்கார்ந்து படித்தேன். நான் நீலகிரியில், அருவங்காட்டில் பிறந்து வளர்ந்தவன். ஒஹாயோவுக்கு வந்து, கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அளவுக்கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்கு வேண்டிய தோட்டாவை நானேதான் நிரப்பிக்கொள்கிறேன். ஆக, கட்டுரை என் மாதிரி ஆட்களைப் பற்றியதுதான்.

'வீட்டுக்குள் ஒரு தோட்டாத் தொழிற்சாலை' என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். பத்திரிகைக்குத் தலைப்பு வேண்டும், சரி, போகட்டும். ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு வரி வருகிறது: தோட்டா கிடைக்காதவர்கள் பழைய இராணுவத் தோட்டாக்களைப் பிரித்து, அதிலிருக்கும் வெடிமருந்தையே புதுத் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் கொட்டிக்கொள்கிறார்களாம், செலவும் மிச்சமாம். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எனக்குத் தெரிந்த யாரும் அப்படிச் செய்வதில்லை. செய்தால் கையோ கண்ணோ போகும். உங்கள் பத்திரிகையை வீட்டுக்கு வீடு படிக்கிறார்கள். பரணில் தாத்தா காலத்துத் தோட்டா நாலைந்து கிடக்கிற வீடுகளும் அதில் இருக்கும். அந்த வீட்டுப் பையன் ஒருவன் இதைப் படித்துவிட்டு இடுக்கியை எடுத்தால் என்ன ஆகும்?

ஏன் ஆகாது என்பதை என் அப்பாவின் வேலையை வைத்துச் சொல்வதுதான் எனக்குச் சுலபம்.

அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்தார். 1903-04 வாக்கில் வெள்ளைக்காரன் கட்டிய தொழிற்சாலை அது. காட்டேரி அருவித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்து ஓட்டினார்கள். இன்று மத்திய அரசின் முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. அங்கே செய்த கார்டைட் மருந்து சேமியா போல நீள நீள இழையாக இருக்கும். நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் அசிட்டோனில் குழைந்து, கொஞ்சம் வாசலினும் சேர்ந்த சரக்கு. வாசலினை முதலில் சேர்த்தது குழலுக்குள் குண்டு வழுக்கிப் போகட்டும் என்றுதான். மருந்து கெடாமல் காப்பாற்றுவதும் அந்த வாசலின்தான் என்று பிறகுதான் புரிந்ததாம். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த கதை அது. வீட்டில் வாசலின் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சொல்வார்.

மருந்து கெடும் என்பதுதான் விஷயம். வெடிப்பஞ்சிலிருந்து செய்த எந்த மருந்தும் உள்ளுக்குள் மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். அப்படிச் சிதையும்போது வரும் ஆவி அமிலமாகி, சிதைவை இன்னும் வேகப்படுத்தும். சூட்டில் வைத்தால் கேட்கவே வேண்டாம். இதைக் கண்டுபிடிக்கத்தான் அப்பா தினமும் ஒரு சோதனை செய்தார். கொஞ்சம் மருந்தைப் பொடித்துச் சோதனைக் குழாயில் போடுவார்கள். மாவுச்சத்தும் பொட்டாசியம் அயோடைடும் ஏற்றிய சிறு காகிதத்தைப் பாதி மட்டும் நனைத்து உள்ளே தொங்கவிட்டு, குறிப்பிட்ட சூட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் குழாயை இறக்குவார்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காகிதத்தில் நனைந்த பாதியும் நனையாத பாதியும் சேரும் இடத்தில் இளம் பழுப்பில் ஒரு கோடு விழும். கோடு விழ நேரமானால் மருந்து நல்லது. சீக்கிரம் விழுந்தால் அந்தத் தொகுதி மருந்தையே ஒதுக்கிவிடுவார்கள். அந்த மெல்லிய கோட்டைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர் என்று அப்பாவுக்குக் கூடத்தில் ஒரு மரியாதை இருந்தது.

தொழிற்சாலைக்குள் பத்திரமாக வைத்த மருந்துக்கே இத்தனை சோதனை. எழுபது எண்பது வருஷம் எந்தக் கிடங்கில், எந்த வெயிலில் கிடந்தது என்று தெரியாத தோட்டாவின் மருந்தை வெறும் கண்ணால் பார்த்து என்ன சொல்ல முடியும்? ரொம்பக் கெட்டுப்போனது கண்ணுக்கே தெரியும்தான்: மூக்கைக் குத்தும் அமில வாடை, செம்பழுப்புத் தூசி, கூட்டின் உள்பக்கம் பச்சை. பாதி கெட்டதுதான் ஆபத்து, அது ஒன்றும் காட்டாது.

கெடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆகாது. இராணுவத் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சுட்டுப் பார்த்து, எரியும் வேகத்துக்கு ஏற்ப ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு என்று அந்தத் தொகுதிக்கு மட்டும் அளவு வைத்தன. அந்த அளவு எந்தக் கடைப் புத்தகத்திலும் இருக்காது. .303 கார்டைட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த இழைக்கட்டு கூட்டின் குறுகிய கழுத்து வழியாக உள்ளே போனதே கிடையாது. கூடு இன்னும் நேர்க்குழாயாக இருக்கும்போதே இழைக்கட்டை உள்ளே இறக்கி, மேலே ஒரு அட்டை வில்லையை வைத்து, பிறகுதான் கழுத்தை நெருக்கி, குண்டைப் பொருத்தினார்கள். அதைப் பிரித்துப் புதுக் கூட்டில் 'கொட்டிக்கொள்ள' முடியும் என்று எழுதியவர் .303 தோட்டாவின் உள்ளே இருப்பதைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. இராணுவத்தில் மிஞ்சிய மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த காலம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அரசாங்கத்திடம் எஞ்சிய 4895 என்ற மருந்தை மொத்தமாக வாங்கி, பழைய ரயில் பெட்டி ஒன்றில் வைத்து விற்றார். இன்றைய ஹாட்ஜ்டன் கம்பெனி அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் அது இன்னதென்று தெரிந்த, பீப்பாயில் அடைத்த, அதற்கென்று அளவு கண்டறிந்த மருந்து. தெரியாத தோட்டாவைப் பிரித்து எடுத்ததோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

சரி, பிறகு நாங்கள் என்னதான் செய்கிறோம்?

என் ரைஃபிளையே சொல்கிறேன். பின்பக்க மரக்கட்டை தொடங்கும் இடத்தில், வலப்பக்க எஃகு வளையத்தில் கிரீடமும், கீழே ஜார்ஜ் மன்னரின் முத்திரையான 'ஜி.ஆர்.ஐ.' என்றும், இஷாப்பூர், 1942 என்றும் பொறித்திருக்கும். தோட்டாக்கள் நிற்கும் மகசினுக்கு முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகு ஓடுகிறது. கட்டை பிளக்காமலிருக்க இந்தியாவில் சேர்த்தது. இங்கே சேகரிப்பவர்கள் அந்தத் திருகைப் பார்த்தே இஷாப்பூர் துப்பாக்கி என்று சொல்லிவிடுவார்கள். 1968இல் வந்த சட்டம் இராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியது. 1980களின் நடுவில் பழம்பொருள் என்ற வகைக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் இந்தியத் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக இங்கே வந்தன.

வந்தவற்றில் எல்லாமே சுடத் தக்கவை அல்ல. குழலைச் சுற்றிச் செம்புக் கம்பி கட்டியது கையெறிகுண்டு வீச வைத்திருந்தது. அந்த உலோகம் பட்ட பாடு நமக்குத் தெரியாது. பயிற்சிக்கு மட்டும் என்று குறியிட்டவை வெறும் அணிவகுப்புக்குத்தான். பெஷாவர் பக்கம் தர்ராவில் பட்டறையில் அடித்த நகல்களும் உண்டு. அவற்றில் 1901இல் இறந்துபோன விக்டோரியா ராணியின் முத்திரையும், அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் பிந்திய ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். என்ஃபீல்டு என்ற பெயரில் எழுத்து திரும்பி நிற்கும். சுவரில் மாட்ட அருமையான சாமான். அமெரிக்கச் சரக்கிலும் இப்படி உண்டு. 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில், ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில் செய்தவற்றின் எண் 8,00,000க்குக் கீழே இருந்தால் எஃகு நொறுங்கும் தன்மை கொண்டது என்பது இங்கே பழகியவர்களுக்குப் பாலபாடம். ஆக, முதல் வேலை துப்பாக்கியை விவரம் தெரிந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டி, பூட்டும், தோட்டா உட்காரும் அறையும் சரியாக இருக்கின்றனவா என்று அளக்கச் சொல்வது.

அடுத்தது குழலின் அளவு. எனக்குத் தொழில் முறையில் பிடித்த கட்டம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவிக் குழலுக்குள் தட்டிக் கோலால் மெதுவாகத் தள்ளினால், மறுமுனையில் குழலின் உட்புற அச்சோடு வெளியே விழும். அதை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். பெரும்பாலான துப்பாக்கிகளுக்குக் குழலுக்குள், குண்டைச் சுழற்றிவிட வெட்டிய வரி நாலு இருக்கும், எதிரெதிரே பிடித்து அளந்துவிடலாம். லீ-என்ஃபீல்டுக்கு ஐந்து வரி. ஒரு வரிக்கு நேர் எதிரே வரி வராது, மேடுதான் வரும். சாதாரண மைக்ரோமீட்டர் குறைவாகவே காட்டும். 'வி' வடிவப் பள்ளம் வைத்த மைக்ரோமீட்டர் வேண்டும். அதில் பார்த்தால் .303 என்று பெயர் கொண்ட துப்பாக்கிக்கு .311, .312 அங்குலம், போர்க்காலச் சரக்கில் அதற்கு மேலும் வரும். ஒரே தொழிற்சாலையில் ஒரே வருஷம் செய்த இரண்டு ரைஃபிள்கூட ஒன்றாக இருக்காது. குழலைவிடச் சிறிய குண்டைப் போட்டால் பக்கவாட்டில் வாயு கசிந்து, குண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

இது .303க்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. கென்னடி கொலையில் பேர் போன இத்தாலியக் கார்க்கானோவுக்கு .268 அங்குலக் குண்டு வேண்டும். கடையில் '6.5' என்று விற்பதெல்லாம் .264தான். அந்தத் துப்பாக்கி நேராகச் சுடாது என்று கெட்ட பெயர் வாங்கியதில் பாதி, அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கான இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஜெர்மன் 8 மில்லிமீட்டருக்கு 1888 மாதிரியில் .318, 1905க்குப் பின் .323. பழைய குழலில் புதிய குண்டு போய்விடுமோ என்று பயந்து அமெரிக்கக் கம்பெனிகள் இன்றும் அந்தத் தோட்டாவை மெலிதாகத்தான் நிரப்பி விற்கின்றன. துப்பாக்கி ஒவ்வொன்றையும் அளந்து அதற்கென்று தோட்டா செய்வதற்குக் காரணம் இவ்வளவுதான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பித்தளைக் கூட்டுக்கு வருகிறேன். .303 அறையை அகலமாகத்தான் வெட்டினார்கள். பதுங்குகுழிச் சேறு ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டுமே. சிப்பாய்க்கு நல்லது, கூட்டை மறுபடி பயன்படுத்துகிறவனுக்குக் கஷ்டம். சுடும்போது கூடு அந்த அகலத்துக்கு உப்பி, நீளவும் செய்யும். அடிப்பக்கம் தடித்த பித்தளை மெலியத் தொடங்கும் இடத்தில், விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, உள்ளுக்குள் ஒரு பள்ளம் விழும். வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். காகிதக் கிளிப்பை நேராக்கி நுனியை லேசாக வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, சுவரோடு உரசி மேலே இழுத்தால் பள்ளம் இருக்கும் இடத்தில் 'டக்' என்று மாட்டும். மாட்டியதைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடவை அடிப்பாகம் மட்டும் வெளியே வந்து, மீதி அறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு தடவை என் ரைஃபிளில் சுட்ட கூட்டை நான் முழுசாக மறுபடி நெருக்குவதில்லை. கழுத்தை மட்டும் டை என்ற எஃகு அச்சில் விட்டு எடுப்பேன். உடம்பு என் அறையின் வடிவத்திலேயே இருந்துவிடும், அதிகம் நீளாது. வேறு .303ல் அது போகாமலும் போகலாம். எனக்குக் கவலையில்லை.

கூட்டைச் சுத்தம் பண்ண இங்கே மிஷின் விற்கிறார்கள், மருந்தும் விற்கிறார்கள். நான் புளித் தண்ணீர்தான் வைத்திருக்கிறேன். பித்தளைக் குத்துவிளக்கு தேய்த்த வீட்டில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைத்தால் போதும். துப்பாக்கி சுடும் மன்றத்து நண்பர்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது இந்தியக் கடைக்குப் போய்ப் புளி வாங்குகிறார்கள். அமோனியா கலந்த பாலீஷ் மட்டும் ஆகாது. அதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டிஷ் இராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைத்திருந்தபோது பித்தளை தானாகவே கீறல் விட்டுப் பிளந்தது. மழைக்காலத்து நோய் என்று நினைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவும், கூடு செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் அப்படிச் செய்கிறது என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது.

கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி பிரைமர். அதன் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஒற்றைத் துளை வைத்த, சுலபமாகத் தட்டி எடுத்துப் புதிது பொருத்தக்கூடிய முறையைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் பாக்ஸர். அது அமெரிக்காவில் நிலைத்தது. இரட்டைத் துளை முறையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் பெர்டன். அது ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து நம் கிர்க்கித் தொழிற்சாலை வரை வந்தது. 'கே.எஃப்.' என்று அடியில் பொறித்த இந்தியத் தோட்டாவின் கூட்டில் நடுத்துளையே இல்லை. எங்கள் கருவியின் ஊசி போய் முட்டி நிற்கும். ஆகவே பழைய கூடுகளை நான் தொடுவதில்லை. செர்பியாவில் உஷிட்சே நகரத்துப் பிர்வி பார்ட்டிசான் கம்பெனி .303க்கும், சுவிஸ், பிரெஞ்சு, ஜப்பானியப் பழைய ரைஃபிள்களுக்கும் இன்றும் புதுக் கூடு செய்கிறது. அவர்கள் இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டியிருப்போம்.

பழைய பிரைமரில் இன்னொரு வில்லங்கம். அதில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகிக் குழலில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ராத்திரிக்குள் துரு. எண்ணெய் போட்டால் போகாது, தண்ணீரில்தான் கரையும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றியதற்குக் காரணம் அதுதான். யாராவது மலிவு என்று பழைய ரஷ்யத் தகர டப்பாத் தோட்டாவை மோசின்-நகாந்து என்ற ரஷ்ய ரைஃபிளில் சுட்டால் அன்றைக்கே கெட்டிலைப் போட வேண்டும். புதுப் பிரைமரில் இந்த உப்பு கிடையாது. நானே நிரப்புவதில் குழலுக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இது.

மருந்து எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், எழுத மாட்டேன். மருந்துக் கம்பெனிகள் சோதித்து அச்சிட்ட கையேடு இருக்கிறது. அதில் உள்ள கீழ் அளவில் தொடங்கி, பழைய துப்பாக்கி என்பதால் பெரும்பாலும் அங்கேயே நின்றுகொள்வேன். தராசில் கிரெய்ன் கணக்கு. நம் குன்றிமணி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் நிற்கும் என்றால் எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும். நான் தேர்ந்துகொண்ட மருந்து கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பி நிற்கும். கைதவறி இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும் மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்த பிறகுதான் குண்டு பொருத்துவது. மேஜையில் ஒரே நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கும். போன் அடித்தால் எடுப்பதில்லை. வீட்டம்மாவுக்கு இதில் கோபம்தான்.

கட்டுரையில் இன்னொரு பிழையும் உண்டு. படக்குறிப்பு சொல்வதுபோல் படத்தில் இருப்பது .303 இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூரில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 ரைஃபிள். பார்வைக்கு அண்ணன் தம்பிதான். ஆனால் மகசின் சதுரமாக இருக்கிறது, பின்பார்வையில் 2000க்குப் பதில் 800 வரை மட்டுமே எண் இருக்கிறது. .303 தோட்டா அதன் அறைக்குள் போகவே போகாது. '7.62 தோட்டா உலகெங்கும் ஒன்றே' என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நேட்டோவின் 7.62 கூடு 51 மில்லிமீட்டர் நீளம், ஏகே-47க்கு 39, மோசின்-நகாந்துக்கு விளிம்பு வைத்த 54. மூன்றும் வேறு வேறு. பெயரில் இருக்கும் எண்ணை நம்பித் தோட்டா வாங்குகிறவனை இங்கே கடைக்காரரே தடுத்துவிடுவார்.

இதெல்லாம் காசு மிச்சம் பிடிக்கிற வேலையா என்றால், இல்லை. கருவி, கூடு, பிரைமர் விலையெல்லாம் கூட்டினால் லாபம் வருவதற்குள் வயசாகிவிடும். ஆனால் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற இடம் எங்களுக்குப் பக்கம். 1907இலிருந்து தேசியப் போட்டிகள் நடக்கும் சுடுதளம். பழைய இராணுவ ரைஃபிளுக்கென்றே அங்கே ஒரு போட்டி உண்டு. இருநூறு கஜம், இரும்புப் பார்வைதான், தொலைநோக்கி கிடையாது. சுவிஸ் கே31 வைத்திருக்கும் ஆசாமிகள் மட்டும் அவர்கள் நாட்டு இராணுவத் தோட்டாவையே போட்டுச் சுடுவார்கள். அது அவ்வளவு நேர்த்தி, நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. எங்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான். மற்ற எல்லோரும் குளிர்காலம் முழுக்க நிலவறையில் உட்கார்ந்து நிரப்பி எடுத்து வந்ததைத்தான் சுடுவார்கள். என் பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்டவர் ஒரு தடவை என் ரைஃபிள் வளையத்தைப் பார்த்துவிட்டு, இஷாப்பூர் எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டார். கல்கத்தாவுக்குப் பக்கம், ஆனால் இதற்கான மருந்து எங்கள் ஊரில் செய்தார்கள் என்றேன். அன்றைக்கு நான் என்ன புள்ளி எடுத்தேன் என்பது முக்கியமில்லை, சுமார்தான்.

கடைசியாகச் சட்டம். அமெரிக்காவில் தன் உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. விற்கத்தான் தேவை. இந்தியாவில் அப்படி இல்லை. உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். சாதாரண உரிமத்தில் .303 வைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால்தான் இஷாப்பூரே குடிமக்களுக்கு .315 ரைஃபிள் செய்து விற்றது. உத்தரப் பிரதேசப் போலீசே 2020 குடியரசு தின அணிவகுப்போடு .303க்கு விடை கொடுத்துவிட்டது. கட்டுரை இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டதால், படிக்கிற பிள்ளைகளுக்கு இது நம் ஊரிலும் செய்யக்கூடிய பொழுதுபோக்கு என்று தோன்றலாம். பரணில் பழைய தோட்டா ஏதாவது கிடந்தால் அதைப் பிரிக்கவோ, அடுப்பில் போடவோ, கிணற்றில் வீசவோ வேண்டாம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால் அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

மருந்தைப் பிரித்து எடுப்பது பற்றிய அந்த வரிக்கும், 7.62 பற்றிய வரிக்கும், படக்குறிப்புக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்றால் என் கடிதத்தில் புளி, கேம்ப் பெர்ரி எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். மருந்து பற்றியதை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
அருவங்காட்டுக்காரன்
டோலிடோ, ஒஹாயோ